பாதி வளர்த்த மரம்

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வம்பே இல்லை. அண்ணன் தான் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்த எல்லோரும் கை காயக் காய உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தரை முடிந்தது, பெயின்ட் முடிந்தது, இன்னும் இரண்டு மாதத்தில் குடிபோக வேண்டியதுதான் பாக்கி. அண்ணன் கட்டட காண்ட்ராக்டர். ‘முடிந்தது’ என்ற சொல்லை மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கிவைத்துச் சப்புகிறவன். கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல் அவள் சொல்லிவிட்டாள்: “உன் புது வீட்டுக்கு நானே வளர்த்த போன்சாய் மரம் ஒண்ணு கொண்டு வர்றேன்.”

“முழு மரமா, பாதி மரமா?” என்றான் அண்ணன்.

மேசையே சிரித்தது. அண்ணி சிரித்தாள். அவளுடைய கணவனும் சிரித்தான். சிரித்துவிட்டு இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். அண்ணன் சிரித்ததைவிட அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டில் அவள் பெயர் பாதி. சிறு வயதில் அண்ணனுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று ஆரம்பித்து, ஒரு கையோடு நிறுத்திவிட்டாள். அன்று அவன் வைத்த பெயர். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு அவளும் வஞ்சனை இல்லாமல் தீனி போட்டாள். கீபோர்டு, கேக், நீச்சல், ஒரு சுவர் மட்டும் நீலமாகிப்போன படுக்கையறை. இத்தனைக்கும் கண்ணாடிக் கடையில் அவளைப் போல வேலை முடிப்பவர் கிடையாது. லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, அரிசி நுனி அளவு திருகை முடுக்கி, சாயங்காலத்துக்குள் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடும். ஏன் என்று அவளுக்கும் தெரியாது. கேட்டால் எரிச்சல்தான் வரும்.

இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு மரத்தை, முழுசாக முடித்து அண்ணன் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வராது.

ஆழம் தெரியாமல் காலை விட்டதற்குக் காரணம் ஒரு வீடியோ. அதில் ஓர் ஆள் முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டி, எட்டே நிமிடத்தில் ஒரு கன்றை மரமாக்கிக் காட்டினான். நடுவில் ‘நான்கு ஆண்டுகள் கழித்து’ என்று ஒரு வரி மின்னி மறைந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, தனக்கே கூட.

செடிக்கடையில் ஆலமரச் சாதியான இச்சிக் கன்றுகள் மூன்றும் ஒரு சுருள் அலுமினியக் கம்பியும் வாங்கினாள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டுமே என்று மூன்று. அந்த மட்டும் அவளுக்குத் தன்னைத் தெரிந்திருந்தது.

முதல் கன்றைக் கத்திரியே தின்றது. வலப்பக்கம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தது. ஒரு கிளையை வெட்டினாள், பால் வடிந்தது. இப்போது இடப்பக்கம் தூக்கலாகத் தெரிந்தது, அங்கே ஒன்று. எட்டி நின்று பார்த்தால் வலப்பக்கம் மறுபடியும் பருமன். கண்ணாடிக் கடைக்காரிக்குக் கோணல் ஆகாது. மூக்கின் மேல் இம்மி சாய்ந்தாலும் ஃபிரேமைக் கழற்றித் திருப்பி மாட்டுகிறவள். திருகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பலாம். வெட்டிய கிளையை எங்கே திருப்புவது? கடைசியில் தொட்டியில் ஒரு குச்சி நின்றது. அதன் உச்சியில் இரண்டு இலை.

கணவன் காபி டம்ளரோடு பால்கனிக்கு வந்து அதைப் பார்த்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தலையை விட்டு வேலை செய்வதாலோ என்னவோ, வெளிச்சத்தில் பேச்சு குறைவு.

“பிள்ளையார் பிடிக்கப் போனியா?” என்றான்.

“நீங்க உள்ள போறீங்களா?”

போய்விட்டான்.

இரண்டாவது கன்றில் கத்திரியைத் தொடவே இல்லை. கம்பி சுற்றினாள். தாழ்ந்த கிளை ஒன்றில் சுருளாகச் சுற்றி, மெல்ல மெல்ல வளைத்தாள். வளைந்தது, அழகாகவே வளைந்தது. தைரியம் வந்து அடுத்த கிளையை வளைத்தபோது ‘சடக்’ என்றது. காலையிலிருந்து குனிந்திருந்த முதுகும், கம்பி குத்திய விரலும், அந்தச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து அவள் தலைக்கு ஏறின. தொட்டியை எடுத்துப் பால்கனியில் இருந்த வாஷிங் மெஷினுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் தள்ளினாள். ஒற்றைக் கிளையில் கம்பியோடு அது அங்கேயே கிடந்தது. அவளும் அதை மறந்தே போனாள்.

மூன்றாவதை எடுத்தபோது குடிபோக மூன்று வாரம்தான் இருந்தது. வீடியோ ஆள் ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் மரத்தைச் சில மாதம் ஓய்வில் விடச் சொன்னான். இன்று கிளை என்றால், வேர் அப்புறம், கம்பி அதற்கும் அப்புறம். அவளுக்கு அது கேட்காமல் இல்லை. ஆனால் தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்று பாதியில் வைத்தால் அது பாதியிலேயேதான் நிற்கும். வாழ்க்கையில் அவள் நாளைக்கு என்று வைத்த எதுவும் நாளையைப் பார்த்ததில்லை. ஆகவே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் செய்தாள். கிளை வெட்டினாள். வேரில் முக்கால்வாசியைக் கழித்தாள். எஞ்சியதைத் தட்டையான நீலத் தட்டில் பதித்தாள். தண்டிலிருந்து நுனிவரை கம்பி சுற்றி வளைத்தாள். பொழுது சாய்வதற்குள் பால்கனிச் சுவரில் நிஜமாகவே ஒரு மரம் நின்றது. உள்ளங்கை அகலக் காற்றில் ஓர் ஆலமரத்தின் தோரணை.

படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். ‘முழு மரம்’ என்று எழுதினாள். அண்ணி கைதட்டல் அனுப்பினாள். அண்ணன் வெகுநேரம் கழித்து, ‘பரவாயில்லையே’ என்றான். அன்று அவள் பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள்.

வாரம் திரும்பவில்லை, இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினாள். அதிகமாகிவிட்டதோ என்று வெயிலில் வைத்தாள். வெயில் சுடுகிறதே என்று உள்ளே கொண்டுவந்தாள். உரம் கரைத்து விட்டாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள்; இவள் உள்ளங்கை அளவுத் தட்டில் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டிருந்தாள். பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும், தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று வீடியோவில் சொன்னார்கள். தினமும் கடைக்குக் கிளம்பும் முன் நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சை நுனியிலிருந்து கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது.

“அதைச் சும்மாதான் விடேன்,” என்றான் கணவன்.

“சும்மா விட்டுத்தானே எனக்கு அந்தப் பேரு?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனான். அவளுக்கு அழுகை வந்தது; அழுவதற்கும் கோபமாக இருந்தது. ஒரு செடி, கேவலம் ஒரு செடி, அதுகூடத் தன்னை ஒரு வேலையை முடிக்க விடாதா?

குடிபோவதற்கு முந்தைய நாள், கீறிய இடமெல்லாம் பழுப்பு. தண்டின் அடிவரை பழுப்பு. மதியம் விடுப்பு சொல்லிவிட்டு நேராகச் செடிக்கடைக்குப் போனாள். அலமாரியில் தயார் மரங்கள் வரிசையாக நின்றன. தான் செய்ததன் சாயலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதே நீலத் தட்டு. அண்ணனுக்கு மரமா தெரியும்? சிமென்ட்தான் தெரியும்.

“இது முடிச்ச மரம்தானே?” என்று கேட்டாள்.

கடைக்காரப் பெண் ரசீது இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “முடிச்சதுன்னா?”

“இனி எதுவும் செய்ய வேண்டியதில்லையே?”

“செத்தாத்தான் அப்படி விடலாம்,” என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். “வளர வளரக் கிள்ளிக்கிட்டே இருக்கணும். கம்பி கடிக்க ஆரம்பிச்சா எடுக்கணும். இதோ, எங்க அப்பா வச்ச மரம். இன்னும் வேலை போய்க்கிட்டுத்தான் இருக்கு. பையில போடவா?”

அவள் மரத்தைத் திரும்பவும் அலமாரியில் வைத்தாள். பேருந்தில் ஏறியதும் ஆத்திரம் பொங்கியது. முடிவே இல்லாத ஒன்றையா முடித்துத் தருகிறேன் என்று உலகத்தின் முன்னால் சவால் விட்டோம்! இதை யாராவது முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான்கு ஆண்டுகள் கழித்து என்ற அந்த ஒரு வரி கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்லத்தான் சொன்னார்கள்.

செத்த மரத்தைப் போட ஒரு பழைய பை வேண்டியிருந்தது. பைகள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடக்கும். குனிந்தவள் அப்படியே நின்றாள். மேல் வீட்டு ஏசி குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரில், யாரும் கேட்காமல், இரண்டாவது கன்று தளதளவென்று நின்றது. ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் புதுத் துளிர். தாறுமாறாக, தலை வாராத பிள்ளை போல நாலு பக்கமும் வளர்ந்திருந்தது. அந்த ஒற்றைக் கிளையில் மட்டும் கம்பி பட்டைக்குள் பதிந்து கடித்துக்கொண்டிருந்தது.

சுற்றிய கம்பியைத் திரும்பச் சுற்றிக் கழற்றப் போனவள், பட்டை கிழிந்துவிடும் என்று கையை நிறுத்தினாள். கணவனின் பெட்டியிலிருந்து குறடு எடுத்து, கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றாக எடுத்தாள். பட்டையில் சுருள் தழும்பு இருந்தது. கிளை நிமிரவில்லை. அவள் வளைத்த இடத்தில் வளைந்தபடியே நின்றது.

கத்திரி பக்கத்திலேயே இருந்தது. வலப்பக்கம் நிச்சயமாகத் தூக்கல்தான். அவள் கத்திரியை எடுத்து டிராயரில் போட்டு மூடினாள். மரத்தைக் கீறியும் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணன் வீட்டு வாசலில், உறவுகள் எல்லோரும் பார்க்க, அவன் தொட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிளாஸ்டிக் தொட்டி. நீலத் தட்டு கூட இல்லை.

“ஏ பாதி, படத்துல பார்த்த மரம் எங்க?”

“செத்துப்போச்சு. ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சேன், செத்துப்போச்சு.”

“இது ஒரு கிளைதானே வளைஞ்சிருக்கு. மத்ததெல்லாம் காடா நிக்குது. பாதி மரத்தைத்தானே கொண்டு வந்திருக்கே?”

“ஆமாண்ணே. பாதிதான். மீதி உன் வேலை.”

யாரோ சிரித்தார்கள். அவளுடைய கணவன் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும், “இதென்ன பெரிய வேலை, ஒரு ஞாயித்துக்கிழமைல முடிச்சிடுறேன்,” என்று தொட்டியை ஜன்னலோரம் வைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட உட்காரும்போது போன் அடித்தது. அண்ணன்தான். எப்போதும் போனிலேயே காது கிழியப் பேசுகிறவன், அன்று குரல் தணிந்திருந்தது.

“ஏ, ஒண்ணு கேட்கணும். வலப்பக்கம் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு. ஒண்ணு வெட்டினேன். அப்புறம் பார்த்தா இடப்பக்கம் அதிகமாத் தெரிஞ்சுது. அங்கயும் வெட்டினேன். இப்ப மறுபடியும் வலப்பக்கம்...”

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணே, கத்திரியைக் கீழ வை.”

“இன்னும் ஒரே ஒரு கிளைதான், அதோட முடிஞ்சிடும்...”

“வைன்னு சொல்றேன்ல. வச்சிட்டியா? அப்படியே பாதியில விடு.”

மறுமுனையில் கத்திரியை எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது.

“பாதியிலயா?” என்றான் அண்ணன். “எப்படிம்மா விடுறது?”

“இரு, நான் வந்து சொல்றேன்,” என்று அவள் செருப்பைத் தேடினாள். தட்டில் சோறு பாதி இருந்தது.