ஒரு ஜெபத்தின் அளவு

முத்துச்சிப்பி ஓட்டின் உட்புறத்துக்கு மினுமினுப்பைத் தருகிற புரதம் ஒன்றைப் பிரித்து, படிகமாக்கி, அதன் உருவத்தை எக்ஸ்ரேயில் பார்த்துவிட வேண்டும் என்பது நாசரேத்துப் பெனிஷாவுக்கு ஆறு வருடப் பைத்தியம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் முதலில் படிகம் என்று தட்டிக் கழித்தாள். வீட்டிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

படிகம் வராமல் இல்லை. படம்தான் வரவில்லை. படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரே புள்ளி புள்ளியாகப் பதிந்தால்தான் கணக்குப் போட முடியும். படிகத்தைச் சுற்றி ஒட்டியிருக்கிற கரைசலும் எக்ஸ்ரேயைச் சிதறடித்துப் பின்னணியை மூட்டமாக்கிவிடும். அவளுடைய புள்ளிகளோ சோனிப் புள்ளிகள். திருவிழா ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று ரகசியம் கேட்கிற கதைதான். போதாததற்குத் தூத்துக்குடியின் ஈரக்காற்று வேறு. உறையவைக்கும் குளிர்வாயுவில் படிகத்தை வைத்ததுமே அதன்மேல் பனி பூத்து, படத்தில் வளையம் வளையமாக விழுந்தது. அந்தக் காற்றை அவள் திட்டாத நாள் கிடையாது.

கரைசலையாவது ஒற்றி எடுக்கக் கற்றுக்கொண்டாள். சின்ன நைலான் வளையத்தில் படிகத்தை அள்ளி, நுண்ணோக்கியின் அடியில் வைத்து, காகித நுனியால் தொட்டு உறிஞ்சவிட வேண்டும். அதிகம் உறிஞ்சினால் படிகத்துக்குள் இருக்கிற நீரும் வற்றி அது உடைந்துவிடும். எவ்வளவு நேரம்? இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது கடிகாரத்தை யார் பார்ப்பது? மிஷன் பள்ளியில் படித்தவள், பரமண்டல ஜெபத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்வாள். ஆமென் வந்ததும் காகிதத்தை எடுத்துவிடுவாள். அந்த அளவு ஒருநாளும் பிசகியதில்லை.

இப்போது மிச்சமிருந்தது ஒரே ஒரு படிகம். இந்தக் கோடையில் கடல் சூடேறிச் சிப்பிகள் செத்துப்போயின. முக்குளித்தவர்கள் வெறும் ஓடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். கையிலிருந்த புரதமும் தீர்ந்துவிட்டது. அதனால் எக்ஸ்ரே அறையையே உலர்த்தித் தரச்சொல்லி ஜெரால்டிடம் மல்லுக்கு நின்றாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெரால்டு, கல்லூரியில் அவளுக்கு மூத்தவன். ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கி ஓடவிட்டான்.

"ஏளா, உதடு வெடிக்குத அளவுக்கு ரூமு காஞ்சு கெடக்கு. இனி ஐஸ் புடிக்காது. பதறாம பண்ணு," என்றான்.

"சரிண்ணே."

அவள் பதறவில்லை. அந்த அறையிலேயே படிகத்தை அள்ளினாள், காகித நுனியால் தொட்டாள், ஜெபத்தைத் தொடங்கினாள். அப்பம் கேட்டு, மன்னிப்புக் கேட்டு, வழக்கம்போல நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தாள். ஆமென் சொல்லிப் பார்த்தபோது கண்ணாடியாக இருந்த படிகம் வெளுத்து, குறுக்கே விரிசல் ஓடியிருந்தது.

ஈரக்காற்றில் அளந்து பழகிய ஜெபம் அது. இத்தனை நாளும் அந்த நேரம் முழுக்கப் படிகத்தைக் காயவிடாமல் காத்தது அந்தப் பாழாய்ப்போன காற்றுதான். அதை அவளே விரட்டியிருக்கிறாள்.

"படம் எடுங்கண்ணே."

"இனி எதுக்குளா?"

"எடுங்க."

திரையில் படம் வந்தது. மூட்டம் இல்லை, பனி வளையம் இல்லை. அவள் ஆறு வருடமாகக் கேட்ட பின்னணி, கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. நடுவில் மட்டும் ஏதோ கறை. புள்ளி ஒன்றுகூட இல்லை.

"பேக்ரவுண்டு இப்படித்தான் இருக்கணும்னு நெனச்சேன்," என்று சொன்னவள், அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஜெரால்டு பெட்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்தான். துறைமுகத்து ஈரக்காற்று தாராளமாக உள்ளே வந்தது.