கிளட்ச் வயர்

உக்குவளையில் டயனாவின் கராஜுக்கு அந்த வேன் வந்தபோது ஏசியிலிருந்து வெறும் சூடுதான் அடித்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் ஸுஹைல் திட்டிக்கொண்டே இறங்கினார். மத்தியானம் சீகிரியா ஹோட்டலில் வெள்ளைக்காரர்களை ஏற்ற வேண்டுமாம். டிரைவர் றுஸ்தி அவருடைய சாச்சி மகன், தம்பி முறை. அவன் பின்னால் நின்றான்.

டயனா ஏசி கேஸின் அழுத்தம் காட்டும் கேஜைப் பூட்டினாள். என்ஜின் ஓடியும் இரண்டு முள்ளும் ஒரே அளவில் நின்றன. கேஸ் இருக்கிறது, கம்ப்ரசர்தான் சுற்றவில்லை. பற்றரியிலிருந்து கம்ப்ரசருக்கு நேரே கரண்ட் கொடுத்தாள். அதைச் சுற்றவைக்கும் கிளட்ச் 'டக்'கென்று பிடித்தது, குழாய் குளிர்ந்தது. ரிலேயையும் கழற்றிப் பார்த்தாள், அதுவும் நல்லதுதான். அப்படியானால் இடையில் போகும் வயர். என்ஜினை நிறுத்திவிட்டு, பற்றரிக்குக் கீழே கையை விட்டு இழுத்தாள். துண்டாகக் கையோடு வந்தது.

"யாரோ வெட்டின மாதிரி இருக்கே," என்றாள்.

யோசிக்காமல் வாயில் வந்த பேச்சு. அதற்குள் ஸுஹைல் றுஸ்தியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"லீவு தரல்லண்டு வெட்டினியா? வேன் படுத்தாத்தான் எனக்கு வெளங்கும்ண்டு நேத்து நீதானே சொன்ன?"

"நானா, அல்லாஹ் மேல சத்தியமா நான் தொடல்ல..."

முதல் குத்திலேயே அவன் உதடு கிழிந்தது. இரண்டாவதில் வேன் கதவில் மோதிச் சரிந்தான். ஸுஹைலின் கைக்கு வீல் ஸ்பேனர் அகப்பட்டது. முகத்தை மறைக்க றுஸ்தி கையைத் தூக்கினான். இரும்பு மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் டயனாவுக்கு நன்றாகவே கேட்டது.

"நிப்பாட்டுங்க!" பின்னாலிருந்து இழுத்தவளின் நெஞ்சில் அவர் முழங்கை இடித்தது. அவள் வேனின் முன்பக்கத்தில் போய் விழுந்தாள். ஸ்பேனர் மறுபடி உயர்ந்தது, இந்த முறை தலைக்கு. கேஜில் தொங்கிய மஞ்சள் ஹோஸை அவருடைய கைக்கு நேரே பிடித்து வால்வைத் திறந்தாள். வெள்ளையாகச் சீறிய கேஸ் விரல்களை உறைய வைத்தது. ஸுஹைல் அலறி ஸ்பேனரைப் போட்டார்.

றுஸ்தி முனகினான். டயனா டோர்ச்சை எடுத்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். வயரை மூடியிருந்த குழாய் நெடுகப் பல் பதிந்திருந்தது. பற்றரித் தட்டின் அடியில் கிழிந்த துணி, புழுக்கை.

"எலி," என்றாள்.

ஸுஹைல் எட்டிப் பார்த்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தார். தோல் வெளுத்திருந்த கையை மடியில் வைத்துக்கொண்டார். "தங்கச்சி, ஆஸ்பத்திரியில ஜாக் சறுக்கினதுண்டு சொல்லுங்களேன்."

டயனா றுஸ்தியை த்ரீவீலரில் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். முதலில் தான் உளறியதையும், கேஸ் அடித்ததையும் மறைக்கவில்லை.

கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பியபோது றுஸ்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முழுசாப் பாத்துட்டுச் சொல்லியிருக்கலாமே அக்கா," என்றான்.

"ஆமா," என்றாள் டயனா.