நாற்பத்து நான்காம் ஸ்தோத்திரம்

“ஸ்கூல நிறுத்துனதுல உனக்குக் கொஞ்சங்கூட வருத்தமே இல்லையாம்மா?” என்று சபையில் ஜெபக்கூட்டம் நடத்தும் சாராள் ஆன்ட்டி ஒருநாள் கேட்டபோது ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள். பதில் தெரியாமல் இல்லை. யார் எதைக் கேட்டாலும் அவளுக்குத் தலை தானாகக் குனிந்துவிடும், மளிகைக்கடைக்காரர் “துவரம்பருப்பா, பாசிப்பருப்பா?” என்று கேட்டாலும் அப்படித்தான். ஆன்ட்டி அந்தக் குனிவைத் தியாகம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஆண்டவர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்ல எழுந்தவர், “தகப்பனுக்காகப் படிப்பையே விட்டுக்கொடுத்த பிள்ளை நம்ம சபையில இருக்கு” என்று கண்ணைத் துடைத்தார். அன்றுமுதல் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜெனி ஒரு நடமாடும் சாட்சி.

நடந்தது வேறு. அப்பா தேவானந்தம் கம்பெனி வேன் ஓட்டியவர். சர்க்கரை முற்றி, கால்விரலில் வந்த புண் மேலே ஏறி, 2003 ஜூனில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அம்மா தாம்பரம் சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பொத்தான் தைக்கப் போனாள். அப்பாவுக்குக் கட்டு மாற்ற வீட்டில் ஓர் ஆள் வேண்டும். டென்த் முடித்துப் பிளஸ் ஒன் சேர வேண்டிய ஜெனி, “நான் இருக்கேம்மா” என்றாள். அந்த வருடம் அவள் சத்தமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். “உள்ளேன் டீச்சர்” சொல்லக் குரல் எழும்பாமல், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கிய வீராங்கனை அவள். இனி பள்ளிக்கூடம் இல்லை என்றதும் மனதுக்குள் ஓடியது தியாகம் அல்ல, அப்பாடா என்ற நிம்மதி.

கஷ்டம் என்னவென்றால், அப்பாவும் ஆன்ட்டியின் கதையைத்தான் நம்பினார். “காலு போனதுகூடப் பரவால்ல, என் பொண்ணு படிப்பையும் சேத்து இழுத்துகினு போச்சே” என்று அம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து உள்ளறைத் திரைக்கு வெளியே வரவில்லை. இரண்டு வருடம். சபைக்கும் இல்லை, வாசலுக்கும் இல்லை. ஜெனி சாப்பாடு கொண்டுபோனால் தட்டைப் பார்ப்பார், அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் அவர் பாரம் இறங்கிவிடும். சொல்வதற்கு முதலில் வாய் வேண்டும். அதோடு, ஞாயிறுதோறும் நாலு பேர் கன்னத்தைத் தடவி “ஆசீர்வாதமான பிள்ளை” என்பது நின்றுபோகும். இந்த இரண்டாவது காரணம்தான் பெரியது என்பதை அவள் தன் நோட்டில் மட்டும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

நோட்டு ரகசியமானது. சபைப் பெண்கள் ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஆயிரம் ஸ்தோத்திரங்களை எழுதிவைத்து, கூடும்போது ஒருவர் ஒவ்வொன்றாகப் படிக்க, மற்றவர்கள் கண்மூடி “ஸ்தோத்திரம்” என்பார்கள். ஜெனி தன் நோட்டின் அட்டையிலும் ‘ஆயிரம் ஸ்தோத்திரம்’ என்றே எழுதி, முதல் நாற்பதை முறையாகவும் எழுதினாள். அதைத் தாண்டி இந்த வீட்டில் யார் புரட்டப்போகிறார்கள் என்பது அவள் கணக்கு. நாற்பத்தொன்றிலிருந்து எல்லாம் சொந்தச் சரக்கு. கேலியாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் அந்தச் சொல்லை எழுதி எழுதி, எங்கோ ஓரிடத்தில் அது நிஜமாகிப்போயிற்று. காலிக் குடத்தோடு நிற்கிற காலையிலும் சிரிப்பு வந்தது. ஆண்டவர் தன் நோட்டை ஒளிந்திருந்து படிக்கிறாரோ என்றுகூட ஒரு சந்தேகம்.

2005 மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஜெனி வீட்டில் ஜெபக்கூட்டம். பாயில் பன்னிரண்டு பெண்கள். சாராள் ஆன்ட்டி கைப்பையைத் துழாவினார். “ஐயோ, நோட்ட ஆட்டோலயே விட்டுட்டேனே.”

“அதுக்கென்ன ஆன்ட்டி, எங்க ஜெனி எழுதி வெச்சிருக்கா” என்று அம்மா பெருமையாக எழுந்து, தையல் மிஷின் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தே கொடுத்துவிட்டாள்.

டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற ஜெனிக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உலகத்தில் ஒளித்துவைக்க எத்தனையோ இடம் இருக்க, ஜெபக்கூட்டம் தேடிவருகிற ஒரே அட்டைக்குள் போய் ஒளித்த புத்திசாலி.

நாற்பதுவரை மளமளவென்று போனது. பழக்க வேகத்தில் ஆன்ட்டியின் வாய் முன்னால் ஓட, புத்தி பின்னால் வந்தது.

“தண்ணி லாரி எங்கள் தெருவை மட்டும் மறந்ததற்காக.”

“ஸ்தோத்திரம்.”

“அரிசியில் வண்டு இருந்ததால் இன்று வீட்டில் எல்லாருக்கும் வேலை கிடைத்ததற்காக.”

“ஸ்தோத்திரம்.”

“சாராள் ஆன்ட்டியின் ஜெபம் இன்று அரை மணி நேரத்திலேயே முடிந்ததற்காக.”

“ஸ்தோத்திரம்.” அன்றைய கூட்டத்தில் அதுதான் மிகச் சத்தமான ஸ்தோத்திரம். பிறகுதான் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஆன்ட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “பிள்ளை பொய் ஒண்ணும் எழுதலியே” என்று தானும் சிரித்தார். சிரிப்பு கிடைத்த ருசியில் அடுத்ததையும் உரக்கப் படித்தார்.

“நாற்பத்து நான்கு. வகுப்பில் வாய் திறக்கப் பயந்த எனக்கு, அப்பாவின் காலைச் சாக்காக வைத்துப் பள்ளிக்கூடத்தை விட வழி கிடைத்ததற்காக. எல்லாரும் இதைத் தியாகம் என்று நம்புவதற்காக.”

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அம்மா தரையைப் பார்த்தாள். ஆன்ட்டியின் குரல் இறங்கிவிட்டது. நிறுத்தத் தெரியாமல் அடுத்த வரியையும் படித்தார்.

“நாற்பத்தைந்து. கால்தான் போயிற்று, அப்பா போகவில்லை என்பதற்காக.”

பிறகு உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து, ஓர் ஆண் குரல் வந்தது.

“ஸ்தோத்திரம்.”

இரண்டு வருடத்தில் அப்பா சொன்ன முதல் ஸ்தோத்திரம். அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பும் வந்தது, இருமல் மாதிரி.

எல்லாரும் போனபின் ஜெனி திரைக்குள்ளே போய் நின்றாள்.

“அப்ப நீ படிப்ப விட்டதுக்குக் காரணம் என் காலு இல்ல?”

“இல்லப்பா.”

“உன் பயந்தாங்கொள்ளித்தனம்.”

“ஆமாப்பா.”

“ரெண்டு வருஷமா வேஸ்ட்டா அழுதிருக்கேன் பாரு” என்றார். அன்றுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். “திருட்டுக் கழுத.”

அன்றைய நோட்டில் ஜெனி எழுதினாள்: சாட்சிப் பதவி பறிபோனதற்காக, ஸ்தோத்திரம். எழுதிவிட்டுக் கொஞ்சம் அழுதாள். பதவி போனால் யாருக்கும் வருத்தம் இருக்கத்தானே செய்யும்.

திங்கட்கிழமை காலை அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தார். பீரோவைத் திறந்து, அவளுடைய டென்த் மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரோடு எடுத்து அக்குளில் இடுக்கினார்.

“அப்பா, அத எதுக்கு எடுக்கறீங்க?” ஜெனியின் குரல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். “அப்பா, நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன். கேக்குதா? எனக்கு ஆப்சென்ட் போட்ட அந்த டீச்சர் இன்னும் அங்கதான் இருக்காங்க.”

அவர் ஊன்றுகோலை முன்னால் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு, தாம்பரம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.