மொட்டை மாடியில் பச்சை டிரம்

ராஜலட்சுமியின் வார்டில் கொசுப்புழு இல்லை. அதுதான் அவளுக்கு வந்த கேடு.

மூன்று வாரமாக அவள் புழு எண்ணிக்கை சீரோ என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய நாலு தெருவிலும் வீடு வீடாக ஏறி, தொட்டிகளைத் தேய்க்க வைத்து, பழைய டயரை அப்புறப்படுத்தி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டைக்கூடக் கவிழ்த்து வாங்கிய சீரோ. கொசு ஒழிப்புக்கு ஆள் வைத்திருக்கும் காண்டிராக்டரின் சூப்பர்வைசர் ஜெகதீஷ் அதை நம்பவில்லை.

"மரத்தடியில உக்காந்துகிட்டு, சுவத்துல தேதி மட்டும் போட்டுட்டு வந்தா சீரோதாம்மா வரும்," என்றான், பத்துப் பேர் நடுவில். "இந்த வாரம் பாட்டில்ல புழு கொண்டாந்து காட்டு. இல்லன்னா திங்கக்கெழம வேற ஆளு பாத்துக்கறேன்."

பக்கத்து வார்டு பாப்பம்மா மாடி ஏறுவதே கிடையாது. ஆகவே அவள் வார்டில் புழு கொழிக்கிறது, வாரம் ஆறு பாட்டில் காட்டுகிறாள், நல்ல பேரும் வாங்குகிறாள். இதை நினைத்தாலே ராஜலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் வெள்ளிக்கிழமை காலை முனவர் பேகம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பச்சை டிரம்மைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. விலக்கினால் உள்ளே தண்ணீர் பாசிப் பச்சை. டார்ச் அடித்தால் தூசு தூசாக என்னவோ உயிரோடு அலைகிறது.

கொசுப்புழு இல்லை. ஆறு வருஷமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குத் தெரியாதா? கொசுப்புழு நெளியும், தட்டினால் அடியில் போய் ஒளியும். இது இரண்டும் செய்யவில்லை. போதாததற்கு, ஒரு சின்னக் குழாய் டிரம்முக்குள் காற்றுக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. குமிழ் ஓடுகிற தண்ணீரில் கொசு முட்டை வைக்காது என்று வீட்டுக்கு வீடு பாடம் நடத்துகிறவளே அவள்தான்.

தெரிந்தேதான் பாட்டிலை முக்கி நிரப்பினாள். ஜெகதீஷுக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது, கண்ணாடியும் போடமாட்டான். அசைந்தால் போதும் அவனுக்கு. பாட்டிலைப் பைக்குள் போட்டுவிட்டு, புழு இருக்கும் தண்ணீரை என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தாள். கவிழ்த்த டிரம்மிலிருந்து பச்சைத் தண்ணீர் மாடிச் சரிவில் ஓடிச் சாக்கடைக்குப் போயிற்று.

முனவர் பேகம் துணிக்கூடையோடு மேலே வந்தது அப்போதுதான். நாற்பது வயதிருக்கும், வீட்டிலேயே தையல் வேலை. கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். முனவர் பேகம் டிரம்மைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் ராஜலட்சுமி திருப்பிக் கத்தியிருப்பாள், அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

"எல்லாத்தையும் ஊத்திட்டீங்களா?"

"புழு இருந்துதுங்கக்கா. ஊத்தித்தான் ஆவணும்."

"அது புழு இல்லீங்க. குஞ்சுங்களுக்குத் தீனி."

மாடி அறைக்குள் கூட்டிப்போனார். ஒரு கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். கடல் மீன்கள். ஓசூருக்கும் கடலுக்கும் எந்தக் காலத்திலும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது, பெங்களூரிலிருந்து மூட்டையில் வந்த உப்பைக் கரைத்த தண்ணீரில் ஜம்மென்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் கறுப்புத் தாள் ஒட்டிய இன்னொரு தொட்டி. அதில் பொரித்து நாலு நாளான தொண்ணூறு குஞ்சுகள். கண் மட்டும்தான் தெரிந்தது, மற்றதெல்லாம் கண்ணாடித் துணுக்கு.

"இதுக்கு முன்ன ஏழு தடவ பொரிச்சுது. ஏழு தடவையும் அஞ்சாம் நாளத் தாண்டல. இதான் கடைசின்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, இதுவும் போனா தொட்டிய வித்துடணும். இதுங்க உயிரோட இருக்கறதத்தான் தின்னும். அந்தப் பச்சைத் தண்ணியில வளர்ற பூச்சி. பெங்களூர்ல சொன்னா நாளன்னிக்குத்தான் வரும். அதுவரைக்கும் தாங்காது."

ராஜலட்சுமி பையை இடுப்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாம செஞ்சுட்டீங்க. ஒங்கள என்ன சொல்றது," என்றார் முனவர் பேகம். மனதாரத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு மாடி இறங்கினாள். படிக்குப் படி பாட்டில் இடுப்பில் இடித்தது. கேட் வரைக்கும் போய், எதுக்குடி ஒனக்கு இந்த வேலை என்று தன்னையே வைதுகொண்டு, மூச்சு வாங்கத் திரும்ப ஏறினாள்.

"இது பத்துமா பாருங்க."

முனவர் பேகம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதியைக் குஞ்சுகளுக்கு விட்டார். மீதியை, பூச்சி பெருகுவதற்கு விதையாக, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்திருந்த பாசியைக் கலந்து காற்றுக் குழாயைப் போட்டார்.

"சாம்பிளுக்கு எடுத்ததா? ஆபீஸ்ல கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா கேக்கட்டும்."

கேட்டான். அவள் நாலாவது சீரோவை நீட்டியதும் ஜெகதீஷ் சிரித்தான். கையும் களவுமாகப் பிடிப்பதற்காகச் சனிக்கிழமை அவனே கூட வந்தான். நாற்பது வீடு ஏறி இறங்கினான். தொட்டியில் தலையை விட்டான், தேங்காய்ச் சிரட்டையைப் புரட்டினான், ஒரு வீட்டில் பூஜை அறைச் செம்பைக்கூட எட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒரு புழு இல்லை. நாற்பத்தோராவது வீட்டுப் படியில் சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்துவிட்டான். மூன்று வாரத்தில் ராஜலட்சுமிக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை அவன் சொன்னான்: "ஒன் வார்டுல புழுவே இல்லம்மா, நானே பாத்துட்டேன். புழு இல்லாத வார்டுக்கு எதுக்கு ஒரு ஆளு? ஏரிக்கரைப் பக்கம் போயிடு."

ஏரிக்கரை என்றால் பாதி சாக்கடை, மீதி நாய். வேலை போகவில்லை என்று சந்தோஷப்படுவதா, நன்றாக வேலை செய்ததற்கு இதுவா என்று அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் போய்ச் சேர்ந்தாள்.

வியாழக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்ததும் முனவர் பேகம் வீட்டுக்குப் போனாள். மாடி அறையில் கறுப்புத் தாள் ஒட்டிய தொட்டிக்குள் இப்போது துணுக்குகள் இல்லை, மீன்கள் இருந்தன. அரிசி நீளம்தான். ஆனால் ஆரஞ்சு. ஒவ்வொன்றின் தலைக்குப் பின்னாலும் வெள்ளையாக ஒரு கோடு.

"இருவத்திமூணு நின்னுச்சு," என்றார் முனவர் பேகம். முகமெல்லாம் பல். "மத்ததெல்லாம் தீனி பத்தாம போச்சு. போவட்டும். வீட்டுக்காரரே வந்து எண்ணிப் பாத்துட்டுப் போனாரு, விக்கற பேச்சே இல்ல. ஒங்க பாட்டில் இல்லன்னா ஒண்ணுகூட இல்ல. தொழுவும்போதெல்லாம் ஒங்களுக்காகவும் துவா கேட்டேன்."

ராஜலட்சுமி சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"அது கொசுப்புழு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியுங்கக்கா," என்றாள். "புழு காட்டலன்னா வேலை போயிடும்னாங்க. தெரிஞ்சேதான் கவுத்தேன்."

முனவர் பேகம் அவளைப் பார்க்கவில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூறுல அறுவத்தேழு போச்சு," என்றார் கடைசியில்.

"ஆமாங்கக்கா."

முனவர் பேகம் ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் மொண்டார், அதை மேசைமேல் வைத்து, பக்கத்தில் சொட்டுக்குழாயையும் வைத்தார்.

"கொசு மருந்து தொட்ட கையி. சோப்புப் போட்டுக் கழுவிகிட்டு வாங்க. குஞ்சுங்களுக்குக் கொஞ்சங் கொஞ்சமா விடணும். எனக்குக் கீழ ரெண்டு ஜாக்கெட் தெக்கணும்."

ராஜலட்சுமி முழங்கை வரைக்கும் கழுவினாள்.