கடி பார்த்து வாங்கிய அயர்ன் செட்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. இரண்டொரு இடத்தில் குறைத்துச் சொல்லியிருக்கலாம். அதுவும், நடந்ததை நடந்தபடி சொன்னால் நல்ல மனிதர்கள்கூட நம்பமாட்டார்களே என்ற கவலையில்தான்.

மாடியில் பல் டாக்டர். கீழே அவர் மனைவியின் மருந்துக்கடை. டாக்டர் பல்லைப் பிடுங்கி மாத்திரை எழுதிக் கொடுத்தால், வந்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே படியிறங்கி அதை அந்த அம்மாவிடம் வாங்கிக்கொண்டு போவார். மாடியும் கீழுமாக இப்படிக் குடும்பம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கதவையும் பூட்டிவிட்டு இருவரும் கோல்ஃப் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கிளம்புவது இருவர், ஆடுவது ஒருவர் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த அம்மா அடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மட்டையைத் தூக்குவது தெரியும்; இறக்குவது தெரியாது. அடம்பிடித்த டானிக் பாட்டில் மூடி திறந்துகொண்டதுபோல 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து மேலே போய், அங்கேயே நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, கொடி நட்ட குழிக்குப் பக்கத்தில் பூனை மாதிரி வந்து உட்காரும். மைதானத்துக் குளத்தில் வாத்துகள் உண்டு. அந்த அம்மா மட்டையைத் தூக்கியதும் அவை அக்கரையில் ஏறி, பந்து விழப்போகும் இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும். டாக்டர் தூக்கினால் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் முங்கிவிடும்.

டாக்டருக்கு இதில் துளி வருத்தம் கிடையாது. அவர் கோல்ஃப் ஆடுவதே மனைவி அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஜோடிப் போட்டி நடக்கும். ஜோடிக்கு ஒரே பந்து, ஆளுக்கு ஒரு அடி, மாற்றி மாற்றி. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து டாக்டர்தான் ஜோடி. அவர் பந்தைப் புதருக்குள் அனுப்புவார், அந்த அம்மா அங்கிருந்து மீட்டு வருவார். ஒரு தடவை டாக்டர் அடித்த பந்து புல் வெட்டுகிறவரின் திறந்த சாப்பாட்டுப் பாத்திரத்தில் போய் விழுந்தது. ஒரு பருக்கை சிந்தாமல் அதை அடித்து வெளியே எடுத்தார் அந்த அம்மா. புல் வெட்டுகிறவர் எழுந்து நின்று கைதட்டிவிட்டு, உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டார்.

இந்த வருஷம்தான் வினை வந்தது, மச்சான் உருவத்தில். அந்த அம்மாவின் தம்பி. கால் நீளம், கழுத்தும் நீளம். வீட்டில் கூப்பிடும் பேர் கொக்கு. வேலை மாற்றலாகி இந்த ஊருக்கே வந்துவிட்டான். வந்த வாரமே சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தான்.

"அக்கா, இந்த வருஷம் என்னைச் சேத்துக்கோ. அத்தான் பாவம், பந்து தேடித் தேடியே இளைச்சுப் போயிட்டாரு."

"யாருடா இளைச்சது? போன வாரம்தான் டெய்லர் என் பேன்ட் இடுப்பைப் பிரிச்சு விட்டாரு" என்றார் டாக்டர்.

அந்த அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சண்டை வேண்டாம். பேர் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் குளத்துக்கிட்ட நின்னு ஆளுக்கு ஒரு பந்து அடிங்க. தண்ணியத் தாண்டி யாரோடது நல்லா நிக்குதோ அவங்கதான் ஜோடி. எனக்கும் ஒரு தடவையாவது ஜெயிச்சுப் பாக்கணும்னு இருக்காதா?"

அந்தக் கடைசி வார்த்தை டாக்டரைத் தைத்தது. இத்தனை வருஷமும் மனைவியின் கை ஜெயிக்காமல் போனது தன்னால்தான் என்று அவருக்குத் தெரியும். இனி கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்று, யாரோ ஒருவரின் தொப்பிக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் மனைவி அடிப்பதை ரசிக்க வேண்டுமா?

மறுநாளே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். அதுவரை அவர் கையில் இருந்தது மாமனார் கொடுத்த பழைய செட். குற்றம் அதில்தான் என்று முடிவு கட்டிவிட்டார். இரும்புத் தலை வைத்த மட்டைகளை அயர்ன் என்பார்கள். கடையில் அவை சுவர் நீளத்துக்கு மாட்டியிருந்தன.

"என் வீட்டுக்காரம்மா வச்சிருக்காங்களே, அதே செட் குடுங்க."

அது கத்தி மாதிரி மெலிந்த தலை. முதுகு தட்டையாக வழுவழுவென்று இருக்கும். பார்த்தாலே எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் பந்தில் படும் அதன் முகத்தில் சரியான இடம் என்பது ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். அங்கே பட்டால் தேன். கொஞ்சம் விலகினால் கையில் தேள்.

கடைக்காரர் பக்கத்திலிருந்த இன்னொரு செட்டைக் காட்டினார். முதுகில் குழி, அகலமான அடி, கொஞ்சம் குண்டு. "இதுவும் நல்லா போகும் சார்."

"அது கத்துக்குட்டிங்களுக்கு."

"ஆமா சார், உங்க கைக்கு இதுதான் சார்" என்று மெலிந்ததையே எடுத்துக் கட்டினார் கடைக்காரர். வந்தவர் கை எதன்மேல் இருக்கிறதோ அதுதான் அவர் கைக்கு ஏற்றது என்பது அந்தக் கடையின் கொள்கை.

மொட்டைமாடியில் வலை கட்டிக்கொண்டு டாக்டர் பழக ஆரம்பித்தார். வலையில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. வேண்டுமென்று குறிபார்த்து அடித்தாலும் அதற்குள் பந்து போகாது. டாக்டர் அடித்தது போனது. போன பந்து தெருவில் வந்துகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னல் வழியாக உள்ளே ஏறி, கடைசி ஸ்டாப்வரை பயணம் செய்து, திரும்பி வரும்போது மருந்துக்கடை வாசலில் இறங்கியது. அது டிக்கெட் எடுக்கவில்லை என்று கண்டக்டர் அந்த அம்மாவிடம் கோபித்துக்கொண்டு போனார்.

கையின் கதைதான் கொடுமை. மெலிந்த அயர்னில் தப்பாய்ப் பட்ட ஒவ்வொரு அடியும் தண்டு வழியாக ஏறி முழங்கைவரை அதிர்ந்தது. அதிர்வு அடங்குவதற்குள் கிளினிக் திறக்கும் நேரம் வந்துவிடும். பல் சுத்தம் செய்ய வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வாயைத் திறந்தார். டாக்டர் கருவியை உள்ளே வைத்ததோடு சரி; மிஷினைப் போடவே இல்லை. கை உதறிய உதறலில் முப்பத்திரண்டும் பளபளவென்று ஆகிவிட்டன. "புது மிஷினா டாக்டர்? சத்தமே இல்லையே!" என்று வாத்தியார் மெச்சிவிட்டுப் போய், தன் பங்குக்கு நாலு பேரை அனுப்பிவைத்தார்.

கீழே மருந்துக்கடையில் வலித் தைலம் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. அந்த அம்மாவுக்கா தெரியாது? ஒருநாள் மத்தியானம் மாடியேறி வந்தார். டாக்டர் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாத கைக்கா அரை அலமாரி தைலம்?" கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் கொப்புளமாக இருந்தது. பிறகு மூலையில் சாய்ந்திருந்த செட்டைப் பார்த்தார். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ஏங்க, ஒருத்தர் உங்ககிட்ட வந்து, என் பொண்டாட்டியோட பல்செட் அழகா இருக்கு, அதே அளவுல எனக்கும் ஒண்ணு மாட்டுங்கன்னா மாட்டுவீங்களா?"

"அது எப்படிம்மா? கடி பார்க்காம..."

வாக்கியம் பாதியிலேயே நின்றது. டாக்டர் எழுந்து இழுப்பறையைத் திறந்தார். பல்செட் மாட்டியதும் வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்கிற நீலக் காகிதம் அதில் இருந்தது. எந்தப் பல் இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும்; டாக்டர் அந்த இடத்தைப் பார்த்துத் தேய்ப்பார். ஊரிலேயே அந்த நீலத்தை அவரளவுக்குப் படிக்கத் தெரிந்தவர் கிடையாது. சப்பாத்தி எந்தக் கடைவாயில் மெல்கிறீர்கள் என்பதுவரை சொல்லிவிடுவார்.

இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். முதலில் அந்த அம்மாவின் அயர்னுக்கு நீலக் காகிதம் ஒட்டினார்கள். அவர் அடித்தார், மறுபடி அடித்தார், சலிக்கும்வரை அடித்தார். பிரித்துப் பார்த்தால் இரும்பில் ஒரே ஒரு நீலப்பொட்டு. டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதையே பார்த்தார்.

"இப்படி ஒரு கடியை நான் என் தொழில்ல பார்த்ததே இல்லைம்மா" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு அவர் யாருக்கும் சொன்னதில்லை. அந்த அம்மா தலை குனிந்து மட்டையைத் துடைத்தார்.

அடுத்தது டாக்டரின் முறை. அவர் அயர்னில் நீலம் அம்மை போட்டிருந்தது. ஆனால் நோயைப் பார்த்ததும் டாக்டருக்கு வெட்கம் போய்த் தொழில் வந்துவிட்டது. "நடுவுல ஒண்ணுகூட படலை. எல்லாம் நுனியில, இல்லைன்னா அடிவிளிம்புல. கையும் மெதுவா வருது. இந்த வாய்க்கு இந்த செட் சேராது."

அன்றைக்கே கடைக்குப் போனார், இந்தத் தடவை தேவையைத் தானே சொன்னார். எடையை நடுவில் குவிக்காமல் விளிம்புக்குத் தள்ளிய, முதுகில் குழி விட்ட தலை வேண்டும். அப்போதுதான் நுனியில் பட்டாலும் பந்து போகும். அடி அகலமாக இருக்க வேண்டும். மண்ணைத் தோண்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். மெதுவான கைக்கு வளைந்து கொடுக்கும் லேசான தண்டு. அடிக்கவே வராத நீள அயர்ன் இரண்டை விட்டுவிட்டு, பதிலுக்கு ஹைப்ரிட் என்ற குண்டுத்தலை மட்டை.

"உங்க கைக்கு இதுதான் சார்" என்றார் கடைக்காரர். "அன்னைக்கே சொல்லணும்னு நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் மூவரும் நின்றார்கள். டாக்டரின் பையைப் பார்த்துக் கொக்கு வாய்விட்டுச் சிரித்தான்.

"என்ன அத்தான், தோட்ட வேலைக்குக் கிளம்பிட்டீங்களா? மண்வெட்டி மாதிரி இருக்கு!"

"நீ முதல்ல அடிடா."

கொக்கு அடித்தான். பந்து நன்றாகத்தான் போனது, ரொம்ப நன்றாகப் போனது. குளத்தைத் தாண்டி, கொடியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அதற்கப்பால் அவனுக்கே தெரியவில்லை.

டாக்டர் வந்து நின்றார். வாத்துகள் வழக்கம்போல முங்கத் தயாராக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டன. அவர் மனைவியை ஒருமுறை பார்த்தார். போட்டியன்று கயிறு கட்டப்போகும் இடத்தையும் ஒருமுறை பார்த்தார். அடித்தார். பட்டது நடுவிலா? இல்லை. பழக்கதோஷம், நுனியில்தான் பட்டது. ஆனால் கையில் தேள் கொட்டவில்லை. பந்து கொஞ்சம் கோணலாகக் கிளம்பி, தயங்கி, தண்ணீருக்கு மேலே போனது. ஒரு கிழட்டு வாத்து அண்ணாந்து பார்த்தது. மெல்லக் கரையேறியது. அதன் பின்னால் மற்றவையும் ஏறின. இரண்டு பக்கமும் வரிசை கட்டின. நடுவில் வந்து உட்கார்ந்தது பந்து.

கொக்கே தொப்பியைக் கழற்றிவிட்டான். "அத்தான், அந்த மண்வெட்டியைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தரேன்."

"கடி பார்க்காம குடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

அந்த அம்மா போட்டிக்குக் கணவர் பேரைக் கொடுத்தார். அந்த வருஷம் அவர்கள் ஜெயித்தார்கள். கடைசி அடியை அந்த அம்மா அடித்தபோது டாக்டர் கையெட்டும் தூரத்தில் நின்று, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் ஒருவரின் எல்லாப் பல்லையும் ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் ஆடி ஜெயித்த அந்த செட் இப்போது கிளினிக்கில் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. நான் சொன்னது சத்தியமா என்று பல்வலி உள்ள யாரும் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு அயர்னின் தலையிலும் கம்பெனி சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது.