அலமாரிக்குள் தொண்ணூற்றாறு டிகிரி

"இதென்ன குக்கரா பாப்பா, மூடியைப் போட்டு வெயிட்டைச் சொருகினா வேலை முடிஞ்சுதுன்னு சொல்ல?"

"குக்கர் மட்டும் தானா சமைச்சுடுதாண்ணே? ஒரு நாள் நீ வச்சுப் பாரு."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சீக்கிரமே புகையும் பாரு. அப்ப இங்கயே தூக்கிட்டு வா. நீயும் வந்துடு, பில் போட ஆள் இல்லாம அல்லாடுறேன்."

அண்ணனின் கம்ப்யூட்டர் கடையில் போன மாதம் நடந்த பேச்சு அது. பாகம் பாகமாக வாங்கி, அவள் தன் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டரைத்தான் அப்படிச் சொன்னான். அதில் அடுத்தவர் வீட்டு அறைகளை வரைந்து கொடுத்துச் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தாள். அது படுத்துவிட்டால், திரும்பவும் அண்ணன் கடை பில் மேஜைதான்.

இப்போது நிஜமாகவே கொதித்தது. ஒரு அறையின் படம் வரைந்து முடிவதற்குள் பிராசசர் சூடு தொண்ணூற்றாறைத் தொடும், விசிறி ஊளையிடும், திரை பட்டென்று அணையும்.

"என்ன ஆனாலும் அந்தக் கடை வாசலுக்கு இதைத் தூக்கிட்டுப் போக மாட்டேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலை திருப்புளியோடு தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த பேஸ்டை எடுங்க."

"பல்லு தேய்க்கிறதா?" என்றான் கணவன்.

"உங்க வாயில பூசுறதுக்கு."

சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். பிராசசர் மேல் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்து, புதுசாக ஒரு பொட்டு வைத்து, கூலரை அழுத்திப் பூட்டினாள். பின்பக்க விசிறி ஒன்று காற்றைத் தப்பான பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. தன் தப்புதான். தலையில் குட்டிக்கொண்டு திருப்பி மாட்டினாள். கூடத்து அலமாரிக்குள் கம்ப்யூட்டரை அதன் இடத்தில் வைத்து, ஓடவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வெளியே இருந்த திரையில் மறுபடியும் தொண்ணூறு.

திருப்புளியை மறுபடியும் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து, இஸ்திரிப் பெட்டியைத் தேடி அவன் அலமாரியைத் திறந்தான். எண்பத்தைந்து, எழுபத்தெட்டு, எழுபது.

"மூடாதீங்க!"

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலியே!"

கதவைச் சாத்தினாள், ஏறியது. திறந்தாள், இறங்கியது. கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்லை. மூச்சு விட இடம் இல்லை, அவ்வளவுதான். திறந்தே வைக்கலாமென்றால், கதவு சமையலறைக்குப் போகிற வழியை அடைத்தது.

இருவரும் ஒரே சமயத்தில் பக்கத்து அறையைப் பார்த்தார்கள். அண்ணன் கடையில் விற்காத சரக்கெல்லாம் அட்டைப் பெட்டிகளில் கூரை வரை அடுக்கியிருந்தது. 'தங்கச்சி வீடுதானே' என்று அவன் இறக்கி வைத்து இரண்டு வருஷம். கணவனைச் சொல்லச் சொன்னால், "நான் சொன்னா மச்சானை விரட்டின மாதிரி ஆயிடும். உங்க அண்ணன், நீ சொல்லு" என்பான். அவளும் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் பெட்டி எடுக்க வரும்போது சொல்ல வாயைத் திறந்து, காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

காலிங்பெல் அடித்தது. அண்ணன் நேராக அந்த அறைக்குள் போய், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"என்ன பாப்பா, புகைஞ்சுதா? வண்டி கீழதான் நிக்குது, ஏத்திடலாமா?"

"இங்க பாரு." அலமாரிக் கதவைச் சாத்தியும் திறந்தும் காட்டினாள்.

எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்த அண்ணனின் புருவம் உயர்ந்தது. "அட, கெட்டிக்காரிதான். அலமாரிதான் ஆகாதுங்கிற. சரி, வேற எங்கதான் வைப்ப?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த ரூம்லண்ணே. அது எனக்கு வேணும். உன் பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போயிடு."