யார் வீட்டுச் சேறு

தர்ஸா கேதர்கோலுக்குக் கோபம் வந்தால் கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கையில் போட்டுப் பிசைவாள். அந்த மார்ச் மாதம் குல்லாய் அவள் தலையில் இருந்ததைவிடக் கையில் இருந்ததுதான் அதிகம். எல்லாம் சேறு பண்ணிய வேலை.

தர்ஸா காவல் பார்த்த கிராட்ஜ் லாக், படகுகளைக் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே கடத்திவிடும் கதவு வாசல். அதன் இந்தப் பக்கம் வயல்களை ஒட்டி வரும் கால்வாய், நல்ல தண்ணீர். அந்தப் பக்கம் ஊஸ் ஆறு. ஆறு என்று பேர்தானே தவிர, தினமும் இரண்டு தடவை கடல் அதற்குள் ஏறி வந்து இறங்கிப் போகும், ஓதம் என்பார்கள். வருகிற கடல் வெறுங்கையோடு வருமா? வண்டலைச் சுமந்து வந்து லாக் கதவுக்கு வெளியே இறக்கிவைத்துவிட்டுப் போகும். ஈஸ்டருக்கு முன்னால் வருஷா வருஷம் ஆற்று வாரியத்தின் தூர்வாரும் மிதவை வரும். நீட்டுக் கை வைத்த இயந்திரம் ஒரு வாரம் நின்று அள்ளும். படகுகள் போகும், வரும். கோடை பாதி தாண்டுவதற்குள் வாசலில் மறுபடியும் கஞ்சி மாதிரிச் சேறு. படகுக்காரர்கள் தர்ஸாவைப் பார்த்து முணுமுணுப்பார்கள், அவள் குல்லாயைக் கழற்றுவாள்.

இந்த வருஷம் மிதவை வராது என்று வாரியத்திலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை ஆன்ஸ்டி என்கிற பொறியாளர் அம்மாள் நேரில் வருவாராம். சேறு ஏன் இப்படிச் சேர்கிறது என்று தர்ஸா உருப்படியாக ஒரு காரணம் காட்டினால் சரி. இல்லாவிட்டால் கதவுக்குச் சங்கிலி. லாக் போனால் லாக்கை ஒட்டிய வீடும் போய்விடும். அந்த வீட்டை விட்டால் தர்ஸாவுக்குப் போக்கிடம் கிடையாது.

காரணமா? காரணம் அவளிடம் எப்போதோ தயாராக இருந்தது. அதற்குப் பேர் கிளெம் பூலி.

கிளெம், ஆற்றில் ஒன்றரை மைல் கீழே இருக்கும் பிளாக்ஹர்ன் மதகின் காவல்காரன். தர்ஸாவின் வயதுதான். ஆனால் வேலை என்றால் பத்தடி தள்ளி நிற்பான். வாசலில் சேர்ந்த சேற்றைக் கழுவிவிட இரண்டு பேருக்கும் ஒரே வழிதான்: உள்ளே தேங்கிய தண்ணீரை மதகு வழியாகத் திறந்து அடிப்பது. தர்ஸா அதை ஒரு திருவிழாவாகவே செய்வாள். ஓதம் முழுக்க வற்றி, ஆறு அடியில் கிடக்கும் நேரத்தில் திறப்பாள். அப்போதுதான் உள்தண்ணீருக்கும் ஆற்றுக்கும் நல்ல உயர வித்தியாசம், நல்ல வேகம். தண்ணீர் இரைந்துகொண்டு பாயும், சேறு பெயர்ந்து உருண்டு வளைவைத் தாண்டி ஓடும். பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். கிளெமோ ஓதம் பாதி வற்றும்போதே திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அப்போது மதகுப் பலகையில் பாரம் குறைவு, கைப்பிடி ஒற்றைக் கையில் சுற்றும். அவ்வளவுதான் அவன் தத்துவம்.

அந்தச் சோம்பேறி அரைகுறையாகத் தள்ளிவிடும் சேறுதான் அடுத்த ஓதத்தில் மேலே ஏறி வந்து தன் வாசலில் படிகிறது என்பது தர்ஸாவின் கட்சி. திங்கட்கிழமை காலை நேராக அவன் கரைக்கே போய் நின்றாள்.

"யோவ் கிளெம், உன் சேத்தை உன் வாசலோட வெச்சுக்க மாட்டியா?"

கிளெம் புகைக் குழாயை வாயிலிருந்து எடுத்தான். "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? என் சேத்துல என் பேரு எழுதியிருக்கா?"

"எழுதல." தர்ஸா குனிந்து காலடிச் சேற்றைப் பார்த்தாள். அவள் கோபக்காரிதான், ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் நுழைந்துவிட்டால் கோபத்தைக்கூட மறந்துவிடுவாள். "எழுதிட்டாப் போச்சு."

வீட்டுக்கு ஓடினாள், வண்டியில் திரும்பி வந்தாள். கையில் ஒரு வாளி நிறையக் கடுகு. அந்தப் பக்கத்தில் வயலுக்குத் தழையுரமாக எல்லோரும் விதைப்பதுதான். தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று மேலே ஒரு பசை கட்டி, சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். சேறு எங்கே போனாலும் கடுகும் போகும், எங்கே தங்கினாலும் அங்கே முளைக்கும்.

"கடுகு சரி, அதைத் தடவித் தின்னப் பன்னிக்கறி எங்கம்மா?" என்றான் கிளெம்.

"சிரி, நல்லாச் சிரி. உன் வாசல் சேத்துல இதைப் பிசைஞ்சு விடப்போறேன். நீ எப்பவும் போலத் திறந்து விடு. என் வாசல்ல கடுகு முளைச்சா வெள்ளிக்கிழமை அந்தம்மா முன்னாடி உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்."

கிளெமுக்குச் சிரிப்பு நின்றது. தலையைச் சொறிந்தான். "அப்ப உன் சேறு எங்க போவுதுன்னு யாரு பாக்கறது?"

"என் சேறு கடலுக்குப் போவுது. ஊரே பாக்குதே!"

"அப்ப பயமென்ன? என் சேத்துல நீ போடு, உன் சேத்துல நான் போடறேன். எங்கிட்ட முள்ளங்கி விதை கெடக்கு. கடுகு வெள்ளைத் தண்டா வரும், முள்ளங்கி செவப்புத் தண்டு. கண்ணு தெரியற எவனும் சொல்லிடுவான்."

"போட்டுக்கோ, தாராளமாப் போட்டுக்கோ," என்றாள் தர்ஸா. தோற்பதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

ரப்பர் பூட்ஸோடு இரண்டு பேரும் முதலில் அவன் வாசலில் இறங்கிப் பிசைந்தார்கள். பாதி வற்றலில் அவன் மதகைத் திறந்தான். பழுப்புத் தண்ணீர் அசைந்து அசைந்து கீழே போனது. "இதுக்குப் பேரு கழுவறதா? என் கெட்டில்ல இதைவிட வேகமா ஊத்தும்," என்றாள் தர்ஸா. பிறகு அவளுடைய லாக்குக்கு வந்து முள்ளங்கியைப் பிசைந்தார்கள். ஓதம் முழுக்க வற்றும்வரை காத்திருந்து அவள் தன் மதகைத் திறந்தாள். இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. சேறு மொத்தமும் புரண்டு வளைவைத் தாண்டிப் போய், வாசலின் கல் தளம் கழுவிவிட்ட மாதிரித் தெரிந்தது. தர்ஸா இடுப்பில் கைவைத்துக் கிளெமைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

அந்தச் சுத்தமான கல் மேல் அவள் ஒரு தகரத் தட்டை வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு வாத்து வாட்டுகிற பெரிய தட்டு. நகராமல் இருக்க உள்ளே மூலைக்கு ஒரு செங்கல். "துடைச்சுப் பாத்துக்கோ. அப்புறம் ஏற்கெனவே சேறு இருந்துச்சுன்னு கதை விடாதே," என்றாள். கிளெம் விரலால் தடவிப் பார்த்து, சுத்தம் என்று ஒப்புக்கொண்டான். இனிமேல் அந்தத் தட்டில் எது விழுந்தாலும் அது ஏறி வருகிற ஓதம் கொண்டுவந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை தண்ணீர் இறங்கியதும் போய்ப் பார்த்தார்கள். தட்டில் விரல் கனத்துக்குச் சேறு வழவழவென்று படிந்திருந்தது. செங்கல்லை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தட்டை அப்படியே சமையலறைக்குக் கொண்டுபோய், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தார்கள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் வேறு பேச்சு ஓடவில்லை. கெட்டிலை வைக்கப் போனாலும் தட்டு, ரொட்டி அறுக்கப் போனாலும் தட்டு. தட்டுக்குக் காவல் என்ற சாக்கில் கிளெம் தினமும் வந்து தேநீர் குடித்தான். புதன்கிழமை ஒன்றும் இல்லை. சேறு மட்டும் லேசாக வெடித்திருந்தது.

"செத்துப்போச்சோ? உப்புத் தண்ணி ஒத்துக்கலையோ?" என்றாள் தர்ஸா. கிளெமைத் திட்டக்கூட மறந்திருந்தாள்.

"இருந்தா என்ன, போனா என்ன? பிஸ்கட் இருக்கா?"

"நாளை மறுநாள் என் வீடு போயிடும்யா! உனக்கு பிஸ்கட்டு!"

வியாழக்கிழமை மத்தியானம் வெடிப்புகளுக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. தர்ஸா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்குச் சேற்றில் படுகிற அளவுக்குக் குனிந்தாள். தலை குனிந்த முளைகள், ஏராளமாக! எல்லாம் வெளிர் வெள்ளை. ஓடிப்போய் போனை எடுத்தாள்.

"கிளெம்! வெள்ளை! அத்தனையும் வெள்ளை! உன் சேறுய்யா, உன் சேறு!"

"பொறந்த அன்னிக்கு எல்லாமே வெள்ளைதான். வெளிச்சம் படட்டும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டாள் தர்ஸா. கையோடு ஆன்ஸ்டி அம்மாளுக்கும் போன் போட்டு, காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். அன்றைக்கு ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். தேநீர்க் கோப்பையோடு ஜன்னலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முளைகள் நிமிர்ந்து நின்றன. தண்டெல்லாம் சிவப்பு. தட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பு. வெள்ளைத் தண்டைத் தேடினாள். விரலால் விலக்கி விலக்கித் தேடினாள். ஏதோ போனால் போகிறதென்று அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தன.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. எப்படி என்ற கேள்விதான். வளைவைத் தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தாளே, அது எப்படித் திரும்பி வந்தது? வளைவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஓதம் முழுக்க வற்றிய பிறகு அங்கே ஆறு ஓடுவதில்லை, நிற்கிறது. இவள் அடித்து விரட்டிய சேறும் அங்கேயே நிற்கிறது. சற்று நேரத்தில் கடல் திரும்புகிறது. இறங்கியதைவிட வேகமாக ஏறுகிறது. நிற்கிற சேற்றை வாரிக்கொண்டு நேரே இவள் வாசலுக்கே வருகிறது. கிளெம் பாதி வற்றலில் விட்ட சேற்றுக்கோ, கூடவே ஓட இன்னும் பாதி வற்றல் பாக்கி இருக்கிறது. அது கடல்வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கைவலிக்குப் பயந்து அந்தச் சோம்பேறி செய்தது சரி! ஊரைக் கூட்டி இவள் செய்தது தப்பு! கடல் கொண்டுவந்தது கொஞ்சம்தான், அதில் ஒரு பிடி விடாமல் சேர்த்துவைத்தது இவள்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

பிடுங்கிப் போட ஒரு நிமிஷம் போதும். சேற்றைக் கிளறிவிட்டு, ஒன்றும் முளைக்கவில்லை, ஆனாலும் கிளெம்தான் காரணம் என்று சத்தியம் செய்யலாம். கை தட்டுக்குள் போனது, ஒரு முளையைப் பிடித்தும் விட்டது. தனக்குப் பின்னால் இந்த லாக்குக்கு வருகிறவனும் இதே மாதிரித்தானே மதகைத் திறப்பான், எவனுக்குமே தெரியாமல் போய்விடுமே என்று நினைத்தாள். கையை எடுத்துவிட்டாள்.

ஆன்ஸ்டி அம்மாள் உள்ளே வந்தார். கையில் சங்கிலியும் பெரிய பூட்டும். பின்னாலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கிளெம். அவன் கண் நேராக ஜன்னலுக்குப் போனது. சிவப்பைப் பார்த்தான், தர்ஸாவின் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் வந்து முணுமுணுத்தான்: "நான் வாயே திறக்கலம்மா. உன் இஷ்டம்."

"சேத்துக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டேன்னு போன்ல சொன்னீங்களே," என்றார் ஆன்ஸ்டி. "யாரோட சேறு?"

தர்ஸா குல்லாயைக் கழற்றினாள். பிசையாமல் மேஜைமேல் வைத்தாள்.

"என்னுது."

பிறகு தட்டைக் காட்டிக் கடுகு, முள்ளங்கி, வளைவு, பாதி வற்றல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆன்ஸ்டி குனிந்து முளைகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதெல்லாம் வெள்ளையா இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"இவனைத் திறக்கக் கூடாதுன்னு நீங்க உத்தரவு போட்டிருப்பீங்க. என் லாக் பொழைச்சிருக்கும்."

"இல்லம்மா. இந்தச் சுத்துவட்டாரத்து வயல் தண்ணி பூராவும் வடியறது பிளாக்ஹர்ன் மதகு வழியாத்தான். அதை மூடச் சொன்னா விவசாயிங்க என்னை ஆத்துல தூக்கிப் போட்டுடுவாங்க. அவரு சேறா இருந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னிக்கே உங்க கதவைப் பூட்டியிருப்பேன்." சங்கிலியை மறுபடியும் கையில் சுருட்டிக்கொண்டார். "உங்க சேறுன்னா உங்களால நிறுத்த முடியும். முடியுந்தானே?"

தர்ஸா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"கோடை முடியட்டும், வந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போனார்.

கார் போனதும் தர்ஸா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நன்றாக, வாய்விட்டே அழுதாள். கிளெம் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றான்.

"இது ஜெயிச்ச அழுகையா, தோத்த அழுகையா?"

"தெரியலய்யா. ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். கரையோரக் கம்பங்களில் தண்ணீர் பாதிவரை வற்றியிருந்தது. மதகைத் திறக்க எழுந்தாள்.